குலசேகரம் பக்கம் நாள் முழுக்க ‘குட்ரூ குட்ரூ’ன்னு கூப்பிடுறது எந்தப் பறவை? பொங்கல் கணக்கெடுப்புக்கு முன்னாடி தெரியணும்

ரப்பர்விளை | ஜனவரி 4, இரவு 8.15

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு குலசேகரத்துல இருந்து திற்பரப்பு போற வழியில. சுத்தி ஒரு ஏக்கர் ரப்பர், வேலியோரம் ரெண்டு அயனி மரம், ஒரு பிலாவு, கெணத்துக்கிட்ட பட்டுப்போன முருக்கு மரம் ஒண்ணு. கல்யாணமாகி இங்க வந்து 11 வருஷம் ஆச்சு. வந்த நாள்ல இருந்து ஒரு சத்தம் கேக்குதேன். முதல்ல தொண்டையில தண்ணி வச்சு உருட்டுற மாதிரி ‘டுர்ர்ர்’, அப்புறம் ‘குட்ரூ குட்ரூ குட்ரூ’ன்னு நிப்பாட்டாம. ஒண்ணு தொடங்கினா பக்கத்து விளையில (தோட்டத்துல) இருந்து இன்னொண்ணு பதில் சொல்லும். மத்தியான வெயில்ல காக்கா கூட அடங்கிக் கெடக்கும், இது மட்டும் விடாது. ஆனா ஒரு தடவை கூட ஆளைப் பாத்ததில்லை.

மாமியார் மரங்கொத்தின்னு சொல்லுதாவ. மக ஏழாம் கிளாஸ் படிக்கா. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புல நம்மளும் சேரணும்னு பிடிவாதம். அவ போன்ல ஒரு ஆப் இருக்கு, சத்தம் கேட்டுப் பேர் சொல்லும். முதல் தடவை ஒரு பேர் சொல்லிச்சு, அடுத்த தடவை வேற பேர். எனக்குத் தெரிஞ்சது காக்கா, மைனா, செம்போத்து, பொன்மான் (மீன்கொத்தி), கொக்கு, பருந்து. இவ்வளவுதான். ‘கொக்கு 6’ன்னு எழுதினா போதுமா? ரெக்கார்டிங் கீழே போட்டிருக்கேன்.

தேரூர்க்கரை | ஜனவரி 4, இரவு 9.50

மக்களே, ரெக்கார்டிங் கேட்டேன். குக்குறுவான். உங்கள் விளையில் இருப்பது பெரும்பாலும் வெண்கன்னக் குக்குறுவான். உடம்பெல்லாம் இலைப்பச்சை, மைனா அளவு, தலை பழுப்பு. கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைப் பட்டை ஓடும். அலகு தடிமன், அதன் அடியில் மீசை முடி மாதிரி சில இழைகள். இலைக்கூட்டத்தில் அசையாமல் உட்கார்ந்து கூப்பிடும். அதனால்தான் 11 வருஷமாகக் கண்ணில் படவில்லை.

ஆனால் ‘பெரும்பாலும்’ என்று ஏன் சொன்னேன்? பழுப்புத்தலைக் குக்குறுவான் என்று ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். கொஞ்சம் பெரிசு. கண்ணைச் சுற்றி மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த வெறுந்தோல், அது அலகு வரைக்கும் வரும். முகத்தில் வெள்ளைப் பட்டை கிடையாது. அவனும் ‘குட்ரூ’ என்றுதான் கூப்பிடுவான். காதை மட்டும் நம்பி எழுத வேண்டாம், முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மூன்றாவதாக செம்மார்புக் குக்குறுவான். குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. அவன் சத்தம் வேறு. செம்புப் பாத்திரம் தட்டுகிற மாதிரி ‘டுங் டுங் டுங்’ என்று ஒரே சீராக. தேரூரில் ஆலமரம் பழுத்தால் மதியம் முழுக்க இதுதான் கேட்கும்.

மாமியார் மரங்கொத்தி என்றதற்குக் காரணம் உண்டு. குக்குறுவானும் பட்டுப்போன கொம்பில் பொந்து குடைந்துதான் முட்டை வைக்கும். ஆனால் மரங்கொத்தி தண்டில் செங்குத்தாகத் தொற்றிக்கொண்டு, வாலை ஊன்றி மேலே ஏறும். குக்குறுவான் மற்றப் பறவைகள் மாதிரி கொம்புக்குக் குறுக்கே உட்காரும். நிறமே தெரியாத வெளிச்சத்திலும் இந்த ஒரு வித்தியாசம் தெரியும். அந்தப் பட்ட முருக்கை வெட்டிவிடாதீர்கள்.

கொக்கு விஷயம் பெரிசு, நாளைக்கு எழுதுகிறேன்.

விளவங்கோடு_வேலி | ஜனவரி 4, இரவு 10.20

அக்கா, எங்க பக்கம் இதுக்குப் பேரே குட்டுறுவன்தான். மலையாளத்துல சின்னக்குட்டுறுவன்னு சொல்லுவாங்க. அது என்ன கூப்பிடுதோ அதுதான் பேர். எங்க அப்பச்சி ஒரு பறவைப் புத்தகமும் பாத்ததில்லை, ஆனா தென்னை ஓலையில தொங்கி ஆடுற வால்காக்கைக்கு ஓலேஞ்ஞாலின்னு சொல்லுவாரு. அந்தப் பேரைக் கேட்டாலே பறவையைக் கண்டுபிடிச்சிரலாம். செம்மண் நிறம், கருத்த தலை, நீள வால், ஓலைமேல ஊஞ்சல். துடுப்புவால் கரிச்சானுக்கு காடுமுழக்கி. காட்டை முழங்க வைக்கிறவன். இப்படிப் பேர் புத்தகத்துல உண்டா?

தேரூர்க்கரை | ஜனவரி 5, காலை 6.40

தம்பி, ஓலேஞ்ஞாலி அழகான பேர். மறுக்கவே மாட்டேன். ஆனால் பட்டியலில் எழுதும்போது ஊர்ப்பேர் சில நேரம் காலை வாரிவிடும். கரிச்சான் என்று சொன்னால் எங்கள் ஊரில் கம்பியில் உட்காரும் இரட்டைவாலனும் கரிச்சான், கொல்லையில் தத்தித் திரியும் கருப்பு வெள்ளைக் குருவியும் கரிச்சான். ஒன்று பிளந்த வாலோடு பறந்து பறந்து பூச்சி பிடிக்கும். மற்றது குண்டுக்கரிச்சான். சிறகில் வெள்ளைக் கோடு, வாலைத் தூக்கித் தூக்கி நடக்கும், விடியலில் மொட்டை மாடிக் கம்பியில் உட்கார்ந்து பாடும். இரண்டும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. மாங்குயிலும் குயில் இனம் இல்லை. ஊர்ப்பேரை அடைப்புக்குறியில் போடுங்கள், பொதுப்பேரை முன்னால் போடுங்கள். என் கருத்து இது.

விளவங்கோடு_வேலி | ஜனவரி 5, காலை 7.05

சார், நான் நேர்மாறா சொல்லுதேன். 1956ல எல்லை பிரிச்சப்போ நாங்க இந்தப் பக்கம் வந்தோம், பறவைப் பேரும் கூடவே வந்துச்சு. இரட்டத்தலச்சின்னு சொன்னா எங்க வீட்டுல நாலு வயசுக் குழந்தைக்குக் கூட செம்மீசைக் கொண்டைக்குருவி தெரியும். கூர்மையாத் தூக்கி நிக்கிற கொண்டை, கண்ணுக்குக் கீழ சிவப்புப் பொட்டு. வாலடியில மட்டும் சிவந்து, கொண்டை மழுங்கி, உடம்பெல்லாம் கருப்பும் தவிட்டு நிறமுமா இருக்கிறது இன்னொண்ணு, சாதாரணக் கொண்டைக்குருவி. குழந்தைக்கு முதல்ல வீட்டுப் பேர் சொல்லிக் குடுத்தாதான் பாக்கவே தோணும். பொதுப்பேர் அப்புறம் தானா வரும்.

தேரூர்க்கரை | ஜனவரி 5, காலை 7.30

குழந்தைக்கு என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. ஒத்துக்கொள்கிறேன்.

இனி கொக்கு. ‘கொக்கு 6’ என்று மட்டும் எழுதாதீர்கள் மக்களே. நம் மாவட்டத்து வயலிலும் குளத்திலும் சாதாரணமாக நான்கு வெள்ளைக் கொக்குகள் உண்டு. மாட்டின் காலடியிலும் உழுகிற டிராக்டர் பின்னாலும் நடப்பது உண்ணிக்கொக்கு. கழுத்து குட்டை, அலகு மஞ்சள், தாடை கொஞ்சம் தொங்கினாற்போல் இருக்கும். முட்டையிடும் காலத்தில் தலையும் முதுகும் காவி நிறமாகிவிடும். சின்னக் கொக்குக்கு அலகு கருப்பு, கால் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சேற்றில் நின்றால் பாதம் தெரியாது, பறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

கஷ்டம் மற்ற இரண்டில். நடுக்கொக்கும் பெரிய கொக்கும். உயரம் பார்த்துச் சொல்லலாம் என்பார்கள், தனியாக ஒன்று நின்றால் எதோடு ஒப்பிடுவது? அலகு நிறத்தை நம்பினாலும் ஏமாறுவோம். இப்போது மஞ்சளாக இருக்கும் பெரிய கொக்கின் அலகு, இனப்பெருக்கக் காலத்தில் கருத்துவிடும். நான் பல வருஷம் தடுமாறிப் பிறகு பிடித்துக்கொண்ட அடையாளம் வாய்க்கோடு. அலகு பிரியும் கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுக்கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. பைனாகுலர் இல்லாவிட்டாலும் போட்டோ எடுத்துப் பெரிசாக்கிப் பார்க்கலாம்.

உங்கள் வாய்க்கால் கரையில் மண்ணோடு மண்ணாக நின்று, கிட்டே போனதும் திடீரென வெள்ளையாகப் பறப்பது குருட்டுக்கொக்கு. அதுவும் வெள்ளைக் கொக்குக் கணக்கில் சேராது.

நாகர்கோவில்_பைனாகுலர் | ஜனவரி 5, மாலை 5.15

ஆப் பத்தி. நான் காலேஜ் இரண்டாம் வருஷம், ஒரு வருஷமா பறவை பாக்குறேன். ஆப் தப்பு சொல்றதுக்கு ஒரு காரணம் நம்ம காட்டுலயே இருக்கு. கீரிப்பாறை போற ரோட்டுல நிக்கிறப்போ ஆப் ‘வல்லூறு’ன்னு காட்டுச்சு. எனக்கும் வல்லூறு சத்தமாத்தான் கேட்டுச்சு. கால் மணி நேரம் தேடினா மேலே உட்கார்ந்திருந்தது துடுப்புவால் கரிச்சான். அது பத்துப் பறவை மாதிரி கத்தும். வால்ல ரெண்டு நீளக் கம்பி, நுனியில துடுப்பு. இறகு உதிர்க்கிற நேரத்துல அந்தத் துடுப்பு இல்லாமலும் இருக்கும், அப்போ நெத்தியில இருக்கிற கொண்டை முடியைப் பாக்கணும். அதனால ஆப் சொன்ன உடனே எழுதாம, கண்ணால பாத்ததை மட்டும் எழுதுறேன் இப்போ.

ரப்பர்விளை | ஜனவரி 5, இரவு 9.00

இவ்வளவு பேர் பதில் சொல்லுவீங்கன்னு நினைக்கல்ல. மக எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டா. இன்னொரு சந்தேகம். போன வாரம் எங்க பப்பாளியில ஒரு பறவை வந்து பழம் தின்னுச்சு. காக்காவை விட ஒல்லி, தவிட்டு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் கோடும். கண்ணு ரத்தச் சிவப்பு. கொழுந்தன் பருந்துக் குஞ்சுன்னு சொல்லுதாரு. பருந்து பப்பாளி தின்னுமா?

நாகர்கோவில்_பைனாகுலர் | ஜனவரி 5, இரவு 9.20

பெண் குயில் அக்கா! ஆண்தான் முழுக் கருப்பு, ‘கூ... கூ...’ன்னு ஏறுகிற குரல் அவனோடது. பெண் நீங்க சொன்ன மாதிரியேதான். அவ கூப்பிடுறது ‘கிக் கிக் கிக்’னு வேகமா.

பருந்துன்னு தோணுறது தப்பில்லை. குயில் இனத்துல ஒண்ணு வல்லூறு வேஷமே போட்டிருக்கும், அக்காக்குயில். சாம்பல் முதுகு, வாலுல பட்டை, பறக்கிற விதம் கூட வல்லூறுதான். அது பக்கத்துல வந்தா சிலம்பன் (தவிட்டுக்குருவி) கூட்டம் பதறும். சிலம்பனோட கூட்டுலதான் அது முட்டை வைக்கும். அலகைப் பாருங்க. வல்லூறுக்குக் கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், குயிலுக்கு நேரா வந்து நுனியில லேசா வளையும்.

மணக்குடி_வள்ளம் | ஜனவரி 6, காலை 11.30

மேட்டுல உள்ள பறவையே பேசுதிய. எங்க கடக்கரையைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல்லியே. நான் வள்ளத்துல போற ஆளு. டூரிஸ்ட்டா வாற பிள்ளைய எல்லா வெள்ளைப் பறவையையும் ‘கடல்காக்கா’ன்னு சொல்லி போட்டோ எடுக்கு. மணக்குடி பொழிமுகத்துல (ஆறு கடல்ல சேருற இடம்) நிக்கிறதுல பாதி கடல்காக்காவே இல்லை, ஆலாவாக்கும்.

எப்படிக் கண்டுபிடிக்கணும்னு கேட்டியளா? கடல்காக்கா தண்ணியில உக்காரும், வாத்து மாதிரி மிதக்கும், மீன் கழிவு கண்டா சண்டை போடும். ஆலா அப்படி மிதந்து கெடக்கது அபூர்வம். மேலே நின்னு அலகைக் கீழே தொங்கப் போட்டு தண்ணியைப் பாத்துக்கிட்டே பறக்கும், மீனைக் கண்டதும் தலைகீழா விழும். றெக்கை ஒல்லி, வால் பிளந்திருக்கும். அதுலயும் காயல்லயும் வயல்லயும் தாழப் பறந்து தண்ணியைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறது மீசை ஆலா. கடல்ல எங்க வலை மேல வாறது பெரிசு, மஞ்ச அலகு, தலையில கலைஞ்ச கருப்புக் கொண்டை. அது கொண்டை ஆலா. அது கூட்டமா விழுற இடத்துல சாளையோ நெத்திலியோ நிக்கும். எங்க அப்பா அதைப் பாத்துத்தான் வலை போடுவாரு.

தேரூர்க்கரை | ஜனவரி 6, மதியம் 1.10

அருமை அண்ணாச்சி. ஒன்று சேர்க்கிறேன். இந்த மாதம் கடற்கரைக்கு வருவது பழுப்புத்தலைக் கடற்காகம். லடாக், திபெத் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. பேரை நம்பிப் பழுப்புத் தலையைத் தேடினால் கிடைக்காது. குளிர்காலத்தில் தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கருஞ்சாந்துப் பொட்டு மட்டும் இருக்கும். ஊர் திரும்பும் சமயத்தில்தான் முகம் பழுப்பாகும். புத்தகத்துப் படம் பெரும்பாலும் கல்யாணக் கோலத்தில் இருக்கும் பறவையின் படம். நம் ஊருக்கு வருகிற விருந்தாளிகள் வேலை உடுப்பில் வருகிறார்கள்.

செம்பருந்தும் இப்படித்தான். வளர்ந்தது தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம், யாரும் தவறவிட மாட்டார்கள். ஒரு வயசுக் குஞ்சு முழுக்கத் தவிட்டு நிறம், அதைக் கரும்பருந்து என்று எழுதிவிடுவார்கள். வால் நுனியைப் பாருங்கள். செம்பருந்துக்கு உருண்டை, கரும்பருந்துக்கு நடுவில் வெட்டு.

மணக்குடி_வள்ளம் | ஜனவரி 6, இரவு 7.45

அந்தக் குஞ்சுப் பருந்து காரியம் எனக்கே புதுசு. இனி பாக்கேன். முட்டத்துப் பாறையில சாம்பக் கருப்பா, தொண்டை மட்டும் வெள்ளையா ஒரு கொக்கு அலையில நிக்கும். அது என்ன சார்?

தேரூர்க்கரை | ஜனவரி 6, இரவு 8.10

கரைக்கொக்கு. அதில் வெள்ளை உடம்போடும் உண்டு, அது சின்னக் கொக்கோடு குழப்பும். நீங்கள் பார்த்தது கருத்த வகை, குழப்பமே இல்லை.

மலையோரம் | ஜனவரி 7, இரவு 10.30

பேச்சிப்பாறைக்கு மேலே வேலை பாக்குறேன். டவர் கிடைக்கிறப்பதான் எழுத முடியும். ரெண்டு விஷயம்.

ஒண்ணு. கோதையாறு ஓடைப் பக்கம் மழைக்காலத்துல விடியுறதுக்கு முன்னாடி யாரோ பையன் சீட்டி அடிச்சுட்டுப் போற மாதிரி கேக்கும். பாட்டு பாதியில தடம் மாறும், திரும்ப முதல்ல இருந்து வரும். வேலைக்கு வந்த புதுசுல நான் டார்ச் எடுத்துட்டு ஆளைத் தேடிப் போனேன். கூட இருந்த காணிப் பழங்குடிப் பெரியவர் கையைப் பிடிச்சு நிறுத்தி ஒரு பாறையைக் காட்டினாரு. வெளிச்சம் வந்தப்போ கருநீலமா ஒரு பறவை, தோள்லயும் நெத்தியிலயும் மட்டும் பளபளப்பா நீலம். சீகாரப் பூங்குருவி. அவரு என்கிட்ட நிறம் சொல்லவே இல்லை. ‘தண்ணி பாறையில அடிக்கிற இடம், இருட்டு போகாத நேரம், அப்போ சீட்டி அடிச்சா அவன்தான்’னு சொன்னாரு. அன்னைக்கு இருந்து நான் இடமும் நேரமும்தான் முதல்ல எழுதுவேன். இருவாச்சி கூட அப்படித்தான். பெரிய இருவாச்சி பறந்தா தலைக்கு மேலே நீராவி விடுற மாதிரி றெக்கைச் சத்தம் கேக்கும், பாக்குறதுக்கு முன்னாடியே தெரியும். சாம்பல் இருவாச்சி கரகரன்னு சிரிக்கும், பெரிய இருவாச்சிக்கு அலகு மேல தொப்பி மாதிரி இருக்கிறது இதுக்குக் கிடையாது.

ரெண்டாவது விஷயத்துக்காகத்தான் உண்மையில எழுதுறேன். போன வருஷம் ஒரு கூட்டம் வந்தாங்க. தவளைவாயனைப் பாக்கணும்னு ஸ்பீக்கர்ல அதோட குரலைப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. பகல்ல காஞ்ச இலை மாதிரி கொம்புல ஒட்டித் தூங்குற பறவை அது. எதிரி வந்துட்டான்னு நினைச்சு இடம் மாறி மாறி உக்காந்துச்சு. அதுக்கப்புறம் நான் இருந்த நாள் வரைக்கும் அந்தக் கொம்புல அதைக் காணல்ல. கெஞ்சிக் கேக்குறேன், கூட்டுக்குப் பக்கத்துல குரல் போடாதீங்க. பேர் தெரியாம போனா போகட்டும்.

நாகர்கோவில்_பைனாகுலர் | ஜனவரி 7, இரவு 10.55

அண்ணே, நானும் ரெண்டு தடவை ஆறுமணிக்குருவிக்குக் குரல் போட்டிருக்கேன். இனி போடமாட்டேன். அது காலையிலயும் சாயங்காலமும் தானாவே கூப்பிடும், புதர் பக்கத்துல சும்மா நின்னாலே கேக்கும்.

மலையோரம் | ஜனவரி 7, இரவு 11.05

நல்லது தம்பி.

விளவங்கோடு_வேலி | ஜனவரி 8, காலை 8.00

ரப்பர்விளை அக்கா, கணக்கெடுப்புக்கு ஒரு இடத்துல நின்னு 15 நிமிஷம் பாத்தா போதும். கண்டதையும் கேட்டதையும் எண்ணி ஈபேர்ட்ல (பறவைக் கணக்கு போடுற வெப்சைட்) போடணும். தெரியாததைத் தெரியாததுன்னே விடுங்க. செம்பரத்திச் செடி இருந்தா தேன்சிட்டையும் பாருங்க. அலகு ரொம்ப நீளமா வளைஞ்சு, உடம்பு கருப்பா மின்னினா லோட்டன் தேன்சிட்டு. வயிறு மஞ்சளா இருந்தா ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு.

தேரூர்க்கரை | ஜனவரி 8, காலை 8.30

உங்கள் விளைப் பட்டியல் முக்கியம் மக்களே. சுசீந்திரம் தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அங்கே எண்ணுவதற்கு ஆள் வருகிறார்கள். நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, ஊசிவால் வாத்து எல்லாம் கணக்கில் வந்துவிடும். ரப்பர்க் காட்டுக்குள் நின்று எண்ணுகிறவர் எத்தனை பேர்? ரப்பர் மரத்தில் பறவைக்குப் பழம் கிடையாது. வேலியில் நிற்கிற உங்கள் அயனியும் முருக்கும்தான் அவற்றுக்குச் சாப்பாடும் வீடும். அங்கே என்ன மிச்சமிருக்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

ரப்பர்விளை | ஜனவரி 16, இரவு 8.40

பாத்துட்டோம்!

ரப்பர் இலை உதிர்ந்து ரெண்டு வாரமாச்சு. கொம்பெல்லாம் வெறுசா நிக்குது. நேத்து காலையில 7 மணிக்கு கெணத்துக்கிட்ட மகளும் நானும் நின்னோம். முருக்குல ‘டுர்ர்ர்’னு தொடங்கிச்சு. இந்தத் தடவை மறைய இலை இல்லை. பட்ட கொம்புக்குக் குறுக்கே உக்காந்து, ஒவ்வொரு ‘குட்ரூ’க்கும் தொண்டையை உப்பிக்கிட்டுத் தலையை ஆட்டிச்சு. கன்னத்துல வெள்ளைப் பட்டை தெளிவாத் தெரிஞ்சுச்சு. கண்ணைச் சுத்தி மஞ்சத் தோல் இல்லை. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு வந்து கொம்போட அடிப்பக்கம் இருந்த ஓட்டைக்குள்ள தலையை விட்டு, மரத்தூளை வாயில அள்ளி வெளியே துப்பிச்சு. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, ‘கொத்தத்தான செய்யுது, மரங்கொத்தின்னு சொன்னதுல என்ன தப்பு’ன்னு கேட்டாவ. முருக்கை இந்தப் பங்குனியில விறகுக்கு வெட்டணும்னு சொல்லிட்டிருந்தவங்க, இப்போ வேண்டாம்னு சொல்லிட்டாவ.

15 நிமிஷப் பட்டியல், மக எழுதினபடியே: வெண்கன்னக் குக்குறுவான் (குட்டுறுவன்) 2, வால்காக்கை (ஓலேஞ்ஞாலி) 3, செம்மீசைக் கொண்டைக்குருவி (இரட்டத்தலச்சி) 4, காக்கா 7, மைனா 2, செம்போத்து 1, வெண்மார்பு மீன்கொத்தி (பொன்மான்) 1, லோட்டன் தேன்சிட்டு 1, குருட்டுக்கொக்கு 1, பெண் குயில் 1, செம்பருந்து 1. அது வால் உருண்டை, நல்லாப் பாத்தோம். தெரியாதது 1.

அந்தத் தெரியாதது அயனி உச்சியில இருந்து குழல் ஊதுற மாதிரி மூணு சுரம் விட்டுச்சு, ஆளைக் காணல்ல. இலையோட இருக்கிற மரம். ரெக்கார்டிங் கீழே. மஞ்சளா ஏதோ பறந்ததுன்னு மக சொல்லுதா, நான் பாக்கல்ல.

விளவங்கோடு_வேலி | ஜனவரி 16, இரவு 9.05

தலை கருப்பா இருந்துச்சா, இல்ல கண்ணுல மட்டும் கருப்புக் கோடா? மக பாத்தாளான்னு கேளுங்க அக்கா.